நீர்க்கடுப்பும் பற்றை வெட்டிய வளவும்

எனக்கு இப்போது எண்பத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றவை. இரண்டு, தமக்கை கண்ணை மூடிய பிறகு என் கைக்கு வந்தவை. எது என்னுடையது, எது அவளுடையது என்று வெளியாட்கள் இன்றுவரை கேட்டுத்தான் அறிகிறார்கள். அந்தப் பெருமையை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் கேட்டபடியால் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து என் பெயரோடு சரி. சம்பளத்துக்குக் கையொப்பம் வைக்கப் பழகியது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் தாதியும் இல்லை, மருத்துவிச்சியும் இல்லை. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு சிறிய மருந்துச்சாலையில் அற்றென்டனாக, கையுதவி ஆளாக இருந்தவள். அதோடு சேர்ந்தாற்போல் பிள்ளைப்பேற்றுக்கு நாலு கட்டில் போட்ட ஒரு அறையும் இருந்தது. அரசாங்கம் குளத்தைக் கட்டி, காட்டை வெட்டி, யாழ்ப்பாணத்துச் சனத்தைக் கொண்டுவந்து காணி கொடுத்துக் குடியேற்றிக்கொண்டிருந்த காலம். கட்டில் விரிப்பது, போத்தில் கழுவுவது, தண்ணீர் சுடவைப்பது, நோயாளரைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அவற்றை எப்படிச் செய்வது என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. நான் சொல்லவந்தது பெண்களுக்கு வருகிற நீர்க்கடுப்பைப் பற்றி. உங்கள் புத்தகங்களில் அதற்கு வேறு பெயர் இருக்கும். சலம் போகும்போது எரிவது, அடிக்கடி முட்டுவது, போனால் சொட்டுச் சொட்டாக வருவது, இடுப்புக்கு மேலே பின்பக்கம் நோவது, பிறகு குளிர்காய்ச்சல். எல்லாம் ஒரு சங்கிலிதான்.

எங்கள் மருந்துச்சாலையில் ஒரேயொரு யன்னல். ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் நிற்பார்கள். மருந்து வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து வெறும் போத்தில் கொண்டுவர வேண்டும். யன்னலுக்கு உள்ளே, எங்களுக்கு டொக்டர் மாதிரி மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா இருந்து, "என்ன வருத்தம்?" என்று கேட்பார். முன்னுக்கு மாமனார், பின்னுக்கு அயல்காணிக்காரன். அந்த இடத்தில் எந்தப் பெண் வாய் திறந்து சலம் எரிகிறது என்று சொல்வாள்? தலையிடி என்பார்கள், காய்ச்சல் என்பார்கள், உடம்பு உளைவு என்பார்கள். ஐயா நல்ல மனிதர், கெட்டிக்காரர். தலையிடி என்று சொன்னால் அவர் தலையிடிக்குத்தானே மருந்து கொடுக்கமுடியும்?

அதற்கு வழி கண்டவர் எங்கள் மருத்துவிச்சி அம்மா. மெல்லிய ஆள், வாய் மட்டும் கத்தி. வரிசையில் நிற்கிற பெண்களின் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டு போவார். கால்மாறிக் கால்மாறி நிற்கிறவளைக் கண்டால் கையிலிருந்த போத்திலைப் பறிப்பார்.

"இதென்ன பிள்ளை, போத்தில் முழுக்க ஊத்தை. இதுக்குள்ளை மருந்து விட்டால் மருந்தும் வருத்தக்காரியாப் போடும். வா, கிணத்தடியிலை கழுவுவம்."

போத்தில் பளிச்சென்று இருக்கும். கிணற்றடி மருந்துச்சாலைக்குப் பின்னால். அங்கே வேறு ஆள் வராது. தண்ணீர் அள்ளுகிற சத்தத்துக்குள் கேட்கவேண்டியதைக் கேட்டு முடிப்பார். திரும்பி வந்து யன்னலுக்குள் மெல்லச் சொன்னால், ஐயா தலையை ஆட்டிக்கொண்டு மருந்தை மாற்றிவிடுவார். கொஞ்சக் காலத்தில் பெண்களே வந்து, "அம்மா, என்ரை போத்தில் கழுவ வேணும்" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஒருமுறை கலியாணம் முடித்துச் சில கிழமையேயான ஒரு பெண்ணை அவளுடைய மச்சாள் கூட்டிக்கொண்டு வந்தாள். கூட்டிக்கொண்டு வந்தாள் என்பதைவிட இழுத்துக்கொண்டு வந்தாள் என்று சொல்லலாம். கிணற்றடிக்கும் அவள் கூடவே வந்து நின்றாள்.

"முடிச்சு மாசம் ஒண்டாகேல்லை, அதுக்குள்ளை உந்த இடத்திலை வருத்தமெண்டால் என்ன அர்த்தம்? தாய்வீட்டிலை இருந்து கொண்டுவந்ததோ எண்டு எங்கடை அம்மா கேக்கச் சொன்னவா."

மருத்துவிச்சி அம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. போத்திலைக் கழுவியபடியே, "முடிச்ச புதிசிலை பொம்பிளையளுக்கு இது வாறதுதான். உமக்கு வரேல்லையோ?" என்றார்.

மச்சாளுக்கு முகம் கறுத்துப்போயிற்று. அடுத்த கிழமை அவளே தனியாக ஒரு போத்திலோடு வந்தாள். நீர்க்கடுப்பு நடத்தையால் வருவதில்லை என்பதை எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தவர் மருத்துவிச்சி அம்மா. பெண்ணின் உடம்பு அமைந்த விதம் அப்படி. கிருமி உள்ளே போக அங்கே தூரம் குறைவு. இதை நீங்கள் வருத்தக்காரிக்கு மட்டும் சொன்னால் போதாது. கூட்டிக்கொண்டு வந்தவளுக்கும் கேட்கச் சொல்ல வேண்டும்.

இனி இராசத்தின் கதை. இராசம் குடியேற்றத்தில் கடைசி வாய்க்காலடியில் இருந்தவள். தலைப்பிள்ளை வயிற்றில், ஆறு மாதம். புருசன் நடராசா நல்ல உழைப்பாளி. மாமியார் கூட இருந்தார். ஒருநாள் நடராசா அவளைச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு வந்தான். குளிரில் அவளுக்குப் பல் அடித்தது.

"மலேரியா ஐயா," என்றான் அவனே.

அந்தச் சனத்துக்கு வன்னி என்றால் இரண்டு பயம். ஒன்று யானை, மற்றது மலேரியா. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும்போதே சொந்தக்காரர் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதனால் உடம்பு நடுங்கினால் மலேரியா என்று தாங்களே முடிவுகட்டிக்கொண்டு வருவார்கள். ஐயா இராசத்துக்கு முன்பு ஒருதரம் மலேரியாக் குளிசை கொடுத்திருந்தார். இரத்தம் எடுத்து அனுப்பியும் இருந்தார். அதில் ஒன்றுமில்லை என்று மறுமொழி வந்திருந்தது. ஆனால் அவள் நடுங்கிக்கொண்டுதான் நின்றாள். மருத்துவிச்சி அம்மா அன்று ஒரு பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தார். ஐயா என்னைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளையின்ரை போத்திலை நீ கழுவிக் குடு," என்றார்.

அந்த வேலை என்னிடம் வந்தது அதுதான் முதல்தரம். கிணற்றடியில் அவளைக் கல்லில் இருத்தினேன். கேட்டேன். அவள் வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி கேட்கவில்லை. போத்திலைக் கழுவினேன். கழுவின போத்திலைத் திரும்பவும் கழுவினேன். ஒரு பெண் சொல்லத் தயங்கும்போது உங்கள் கைக்கு வேலை இருக்க வேண்டும். கண் அவள்மேல் இருக்கக்கூடாது. அது நான் அந்தக் கல்லடியில் கற்றது.

கடைசியில், "எரிவெண்டு சொல்லேலாது அக்கா. நெருப்பு," என்றாள்.

"எப்ப தொடக்கம்?"

"இது மூண்டாம் மாசம். வெக்கையிலை வாறது, இளநி குடிச்சால் மாறுமெண்டு மாமி சொன்னவா."

"மாறினதோ?"

"மாறின மாதிரி இருக்கும். பேந்து வரும்."

முதுகில் விலா எலும்பு முடிகிற இடத்தில் மெல்லக் கை வைத்தேன். துள்ளி எழும்பிவிட்டாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஐயாவிடம் சொன்னேன். அவர் சலத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து விளக்கில் பிடித்துச் சூடாக்கினார். கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியது. வெளியே போய் நடராசாவிடம், "தம்பி, இது மலேரியா இல்லை. சலப்பையிலை தொடங்கி மேலை ஏறியிருக்கு. பிள்ளைத்தாச்சியிலை இது கூடாது. பிள்ளைக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து. இஞ்சை விட்டிட்டுப் போம்," என்றார்.

கட்டிலில் போட்டோம். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது சல்பாக் குளிசை. அதை விழுங்கினால் நிறையத் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். குறைந்தால் அந்த மருந்தே உள்ளே மணல்போல உறைந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும் என்று ஐயா எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இராசத்துக்குச் செம்பு செம்பாகக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தாள். காய்ச்சல் இறங்கியது, நோவு போனது. சிரித்துக் கதைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மிச்சக் குளிசையைத் துண்டில் கட்டிக்கொடுத்து, சுகமாகிவிட்டது என்று இடையில் விடக்கூடாது, தண்ணீரை மறக்கக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினோம்.

அடுத்த மாதம் திரும்பவும் வந்தாள். அதே நடுக்கம், அதே முதுகு நோவு. இந்தமுறை அடிவயிறும் இடைக்கிடை கல்லுப்போல இறுகியது. மருத்துவிச்சி அம்மா வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு ஐயாவை வெளியே கூப்பிட்டார். நானும் கதவடியில் நின்றேன்.

"பிள்ளை வெளிக்கிடப் பாக்குது ஐயா. ஏழு மாசம். இப்ப வந்தால் தங்காது."

ஐயா பெரியாசுபத்திரிக்கு அனுப்புவதா, வைத்திருப்பதா என்று யோசித்தார். பாதை மழையில் கிண்டப்பட்டுக் கிடந்தது. கிடைக்கக்கூடியது நெல்லு ஏற்றுகிற லொறி மட்டும்.

"லொறியிலை ஏத்தினால் குலுக்கத்திலை வழியிலேயே பிறந்திடும். வைச்சிருந்து காய்ச்சல் ஏறினால் இரண்டும் போகும்," என்றார். பிறகு மருத்துவிச்சி அம்மாவிடம், "நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார்.

"பொழுதுபட முந்திக் காய்ச்சல் இறங்கினால் வைச்சிருப்பம். இறங்காட்டி லொறிதான். மெத்தை போட்டு, நான் கூடப் போறன்."

ஐயா அதை ஏற்றுக்கொண்டார். லொறிக்காரனைக் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்திவைத்தார். அவசரத்தில் பலபேர் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அவர்கள் இருவரும் எதைப் பார்த்துத் தீர்மானிப்பது என்று முதலில் பேசி வைத்தார்கள். லொறியையும் ஆயத்தமாக வைத்தார்கள். பிறகு பதறவில்லை. நான் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன், தண்ணீர் பருக்கினேன். வெய்யில் சாயும் நேரத்தில் அவளுக்கு வியர்த்தது. வயிறு இளகியது. லொறிக்காரன் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான்.

உடம்பு தேறியபிறகு ஐயா இராசத்தைக் கண்டித்தார். "உண்மையைச் சொல்லும். குளிசையை விழுங்கினீரோ, எறிஞ்சீரோ?"

"விழுங்கினனான் ஐயா. பிள்ளையாணை."

அவர் எங்களிடம் வந்து, "இஞ்சை இருந்தால் மாறுது, வீட்டை போனால் வருது. விழுங்கேல்லை எண்டுதான் நினைக்கிறன்," என்றார்.

"விழுங்கியிருப்பாள்," என்றார் மருத்துவிச்சி அம்மா. "வீட்டிலை என்னவோ இருக்கு. இவளை இஞ்சையே வைச்சிருங்கோ. நாங்கள் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறம்."

காலை வெய்யிலில் இருவரும் நடந்து போனோம். நடராசாவின் வீடு தூரத்திலேயே தெரிந்தது. முன்பக்கம் பாதையோரமாகப் புத்தம்புதுத் தென்னோலைக் கிடுகு வேலி. ஒரு ஓட்டை இல்லாமல் வரிச்சுப் பிடித்து இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தக் குடியேற்றத்தில் தென்னை இன்னும் முழங்கால் உயரம். கிடுகு முழுவதும் யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்தது. வேலியில்லாத வீட்டை அந்தச் சனம் வீடு என்று மதிப்பதில்லை. ஊரிலிருந்து ஆர் வந்து பார்த்தாலும் முதலில் பார்ப்பது முன்வேலியைத்தான்.

மாமியார் எங்களைக் கண்டதும் பாய் விரித்தார்.

"இருங்கோ மருத்துவிச்சி அம்மா. என்ரை மருமேளுக்கு என்ன குறை எண்டு கேளுங்கோ. குளிசை நான்தான் எடுத்துக் குடுக்கிறனான். கண்ணாலை பாத்தனான்."

"தண்ணி?"

"தண்ணி... ஒரு மிடறு."

"செம்பு செம்பாக் குடிக்கவேணுமெண்டு சொல்லி விட்டனாங்களே ஆச்சி?"

மாமியாரின் கண் பின்கதவுப் பக்கம் போனது. மருத்துவிச்சி அம்மா எழுந்து குசினிக்குள்ளால் நடந்து பின்கதவைத் திறந்தார். நானும் பின்னால் போனேன்.

பின்வளவு முழுக்க வெளி. ஒரு செடிப் பற்றை இல்லை, ஒரு குத்து ஈச்சை இல்லை. வெட்டிச் சுட்ட அடிக்கட்டைகள் மட்டும் கறுத்துப்போய் நின்றன. அங்காலே அடுத்த காணியின் பின்வளவு, அதற்கும் அங்காலே மற்றது, எல்லாம் ஒரே வெளியாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் நாலு மரக்கால் நட்டு உயரமாக ஒரு பரண்.

"உதென்ன?" என்றார் மருத்துவிச்சி அம்மா.

மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆவணியிலை அலியன் யானை ஒண்டு வந்து உந்தப் பத்தைக்குள்ளை நிண்டது. ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்துக் கொட்டிலைப் பிரிச்செறிஞ்சிட்டுப் போட்டுது. அதுக்குப் பிறகு ஆம்பிளையள் எல்லாரும் சேந்து பத்தையளை வெட்டிக் கொளுத்திப் போட்டாங்கள். மைம்மல் இருட்டோடை பரணிலை காவலுக்கு ஏறினால் விடியப்புறந்தான் இறங்குவாங்கள்."

"அப்ப நீங்கள் எங்கை போறனீங்கள்?"

மாமியார் பரணை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்.

"காவல்காரங்கள் இறங்கி, வெளிச்சம் வரமுந்தி ஒருக்கா," என்றார் ஆச்சி. "பேந்து அடுத்தநாள்தான். பகலிலை எல்லா வளவிலையும் சனம். அதாலை தண்ணி வாயிலை வைக்கிறேல்லை. அவளும் வைக்கிறேல்லை. நானும் வைக்கிறேல்லை."

யானைக்கென்று வெட்டிய பற்றை அந்தக் குடியேற்றத்துப் பெண்கள் எல்லோருடைய மறைப்பையும் கொண்டுபோயிருந்தது. வெட்டிய ஆண்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குக் குளக்கட்டுப் பக்கம் இருந்தது. பெண்கள் ஒருத்திக்கு ஒருத்திகூடச் சொல்லவில்லை. எங்கள் அறைக்குப் பின்னால் கதவு போட்ட கக்கூசு ஒன்று இருந்தது. அதனால்தான் இராசம் எங்களிடம் குடித்தாள், வீட்டில் குடிக்கவில்லை.

நடராசா வயலிலிருந்து வந்தான். மருத்துவிச்சி அம்மா சுற்றிவளைக்கவில்லை.

"தம்பி, உன்ரை பெண்சாதிக்குக் குளிசை போதாது. பின்னுக்கு ஒரு குழி வெட்டி மறைப்புக் கட்டவேணும். அவளை நான் அனுப்ப முந்திக் கட்டவேணும்."

அவன் நிலத்தைப் பார்த்தான். "கட்டத்தான் வேணும் அம்மா. கிடுகுக்கு எங்கை போறது? அறுவடை முடியட்டும், ஊரிலை இருந்து இறக்கிறன்."

"அறுவடை முடிய அவளுக்குப் பிள்ளை பிறந்து முடிஞ்சிடும். பிறந்தாலும் பிறக்கும், செத்தாலும் சாகும்."

"முன்வேலியிலை கொஞ்சம் எடுப்பமோ எண்டால்," என்று இழுத்தான், "பெரியண்ணையவை பொங்கலுக்கு வருகினம். வந்து பாத்தால் என்ன சொல்லுவினம்?"

மாமியார் அதுவரை நிலையடியில்தான் நின்றார். நேரே குசினிக்குள் போனார். கொடுவாக்கத்தியோடு வந்தார். எங்களைக் கடந்து முன்பக்கம் போய், வேலியின் கரையில் முதல் முடிச்சை அறுத்தார்.

"அம்மா, என்னணை செய்யிறியள்?" என்று நடராசா ஓடினான்.

"உன்ரை அண்ணர் வந்தால் என்னைப் பாக்கட்டும். வேலியைப் பாக்க வாறவை வராமல் விடட்டும். நீ போய்க் குழியை வெட்டு, மேனை."

கிடுகு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. நானும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் பிடித்துக் கொடுத்தேன். மருத்துவிச்சி அம்மா அவிழ்த்த கயிறுகளைச் சுருட்டினார். மத்தியானத்துக்குள் முன்பக்கம் வெறுமையாகிவிட்டது. பின்வளவில் ஆளுயரத்துக்கு நாலு பக்கமும் அடைத்து, வாசலுக்குச் சாக்குத் தொங்கவிட்டு, ஒரு மறைப்பு எழும்பியது. கட்டி முடிந்ததும் ஆச்சி ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வார்த்து, நின்ற நிலையில் அண்ணாந்து குடித்தார். இடையில் நிறுத்தவேயில்லை.

திரும்பி வந்து ஐயாவிடம் சொன்னபோது அவர், "இனி இந்த வருத்தத்தோடை வாற ஒவ்வொருத்தியிட்டையும், எங்கை போறனீர் எண்டு கேக்கவேணும்," என்றார். கேட்டோம். கடைசி வாய்க்காலடியில் ஏறக்குறைய எல்லாரும் ஒரே மறுமொழிதான் சொன்னார்கள்.

இராசத்தை வீட்டுக்கு அனுப்பினோம். பிறகு மருத்துவிச்சி அம்மா மாதத்துக்கு இரண்டுதரமாவது போய்ச் சலத்தைப் பார்த்தார். தெளிவாக இருந்தது. காய்ச்சல் திரும்பவில்லை. அந்த வீடு பாதைக்கு அப்படியே திறந்து கிடந்தது. பஸ்ஸால் இறங்கிப் போகிற சனம் பகிடி பண்ணியது. ஒருநாள் அந்த வழியால் போகும்போது அதை என் காதாலேயே கேட்டேன். யாரோ ஒருவன், "என்னணை ஆச்சி, வீடு றோட்டிலை கிடக்கு?" என்றான்.

"வீடுதானே கிடக்கு. என்ரை மருமேள் கட்டிலிலை கிடக்கேல்லை," என்றார் ஆச்சி.

பிள்ளை எங்கள் அறையில்தான் பிறந்தது. முழு மாதம், பெண்பிள்ளை. தலையைப் பிடித்து எடுத்தவர் மருத்துவிச்சி அம்மா. துடைத்து முதலில் கையில் வாங்கியவள் நான். ஆச்சி பார்க்க வந்தபோது, மற்ற வளவுகளிலும் முன்வேலிகளில் அங்கங்கே ஓட்டை விழுந்திருப்பதாகவும், பின்னால் மறைப்புகள் எழும்பியிருப்பதாகவும் சொன்னார். தன்னைப் பார்த்துத்தான் என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

இப்போது உங்களிடம் நல்ல மருந்துகள் இருக்கின்றன. சலத்தைக் கொடுத்தால் எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். குளிசையை முழுதாக முடிக்கச் சொல்லுங்கள். பிள்ளைத்தாச்சிக்கு எரிவு இல்லாவிட்டாலும் சலத்தைப் பாருங்கள். காய்ச்சலும் முதுகு நோவும் சேர்ந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் ஒரு பெண் திரும்பத் திரும்ப வந்தால், மருந்தை மாற்ற முன்பு அவள் போகிற இடத்தைக் கேளுங்கள். தையற்கடையில் இருக்கிறவளா, வகுப்பில் நிற்கிறவளா, பஸ்ஸில் தூரம் வருகிறவளா, அவள் வேலை செய்கிற இடத்தில் கதவுக்குக் கொக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது லேசு. குடித்தால் அவள் எங்கே போவாள் என்று தெரியாமல் அதைச் சொல்லி அனுப்பாதீர்கள்.

எனக்குச் சொல்ல இருந்தது இவ்வளவுதான். பிள்ளை, எழுதினது போதும், இனி முதலிலிருந்து வாசித்துக் காட்டு. முற்றத்தில் உன் தகப்பன் நிற்கிறார் என்று பார்க்காதே. சலம் என்று வருகிற இடத்தையும் மற்றச் சொற்களைப் போலவே சத்தமாக வாசி.